கிளை 4.3.2

கான்சோவில் மீன் ஆலையை மூடிப் பல வருடமாகிறது.
தரை அதை ஒப்புக்கொள்ளவில்லை,
மழை நாளில் காட் மீன் வாடை எழும்புகிறது.
அந்தத் தரையில் சோக்கால் கட்டம் கீறி
இருபத்தொரு நொடி பறந்ததை
மறுபடி நீட்டிக் கிடத்தியிருக்கிறோம்,
மூக்கு கடல் பக்கம், வால் குளிரறைப் பக்கம்.
பல கட்டங்களில் சோக் மட்டும்தான்.

சுவரில் ஒரு மரம், தலைகீழாக.
உச்சியில் ஒரே சொல்: வெடித்தது.
கீழே பிரிந்து பிரிந்து நூற்று நாற்பது ஏன்கள்.

குளிரில் விறைத்த ரப்பர் வளையமா?
அன்று விடியலில் பூச்சியத்துக்குக் கீழே நாலு.
வளையம் கிடைத்தது. அதே குளிரில் வைத்து வளைத்தோம்.
வளைந்தது. சிவப்புக் கோடு.
தலைகீழாகப் பூட்டிய உணரியா?
யாரோ புண்ணியவான் படமெடுத்து வைத்திருந்தான்,
அம்புக்குறி ஒழுங்காக மேலே பார்க்கிறது. கோடு.
பற்றவைத்த தையலா, மென்பொருளா, மின்னலா,
கோடு, கோடு,
மின்னலுக்கு இரண்டு கோடு, மேலாளர் கேட்டதால்.

மிஞ்சியது 4.3.2.
ஆக்சிஜன் பம்ப், பேரிங்.
நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று,
குண்டுமணி அளவில் உருளைகள்.
பம்ப் செய்தவர்கள் சொல்கிறார்கள்:
உங்கள் தொட்டியிலிருந்து ஏதோ வந்து கடித்தது.
தொட்டி செய்தவர்கள் சொல்கிறார்கள்:
உங்கள் பேரிங் தன்பாட்டில் தேய்ந்து செத்தது.
இரு பக்கமும் வக்கீல் உண்டு.
காப்பிக் கூசா ஒன்றுதான்.

உலோகம் களைத்து முறிந்தால் முகத்தில் வரி விழும்,
அலை இறங்கிய மணலில் விழுவதைப் போல.
கரைவரி என்றே எங்கள் தொழிலில் பெயர்.
இந்த முறிவிலும் இருந்திருக்கலாம்.
பதினொரு நாள் உப்புநீர்
எனக்கு முன்னால் வாசித்து
அழித்துவிட்டது.

பிறகு மணல்.
பம்பின் தொண்டையில் இருநூற்றுப் பன்னிரண்டு மணி.
ஒவ்வொன்றாகக் குறுக்கொளியில் வைத்தேன்.
படிகமென்றால் மினுங்கும், கடல் மணல்.
படிகமில்லாதது இருண்டு கிடக்கும்,
தொட்டிக்குள் ஈரம் உறிஞ்சத் தொங்கவிட்ட சிறு பையின் மணி,
எடுக்க மறந்து
கிழிந்து போயிருந்தால்.

இருநூற்றுப் பதினொன்று மினுங்கின.

கண்ணைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
மேசையைத் திருப்பினேன். இருட்டு திரும்பவில்லை.

அன்று பின்னேரம் லூசில் பூட்ரோ வந்தாள்,
சிங்கிறால் கூட்டில் சிக்கிய தாங்கி ஒன்றோடு.
அதை வைத்துக்கொண்டு பெரிய சிங்கிறால் ஒன்று
குடித்தனம் நடத்தியதாம்.
கண்டம் எண் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்.
மணியைக் காட்டினேன், காட்டக்கூடாதுதான்.
நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"பியர் போத்தல் கண்ணாடியும் இருட்டாத்தானே தெரியும்?
எங்கட ஆட்கள் நாற்பது வருசமா
எறியிற இடமல்லவா அது."

ஜூலையில் கட்டடத்துக்குள் புகை வந்தது.
வடக்கே எங்கோ காடு எரிகிறது.
எங்கே என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டியது
பத்தொன்பதாம் கட்டத்தில் கிடக்கிறது,
தேநீர்த் தட்டளவு, ஒரு பக்கம் கருகி.
சன்னல்களுக்கு ஈரத்துணி அடைத்துவிட்டு
அறிக்கையை முடிக்க உட்கார்ந்தோம்.

ஆங்கிலத்தில் அந்த வசனத்தை நிறுத்த
இரண்டு வக்கீலும் நாலு நாளும் தேவைப்பட்டன.
எனக்குள் அது முதல் நாளே முடிந்திருந்தது.
வந்திருக்கலாம். கிழிந்திருக்கலாம்.
கடித்திருக்கலாம்.
பதினேழு வருடம் படித்தும் வேலை செய்தும்
என் கைக்கு வந்தது ஒரு லாம்.
அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்,
முழுப் பெயரும், தகப்பன் பெயரும் சேர்த்து.

மரத்தில் அந்தக் கிளைக்குச் சிவப்பில்லை.
பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான்.
கூட்டிப் பெருக்க வந்த பையன்
கட்டங்களை அழிக்கலாமா என்று கேட்டான்.
பொறு என்றேன். காரணம் சொல்லவில்லை.

விடுதிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
மணல் கொட்டியது.
விளக்கைப் போட்டு
எண்ணப் போனேன், பிறகு
காலால் ஒதுக்கிவிட்டுப் படுத்தேன்.